மனுவின் கடைசி வரி

வாசலில் நின்ற பெண் போலீஸ் என் தண்ணீர் பாட்டிலை வாங்கினார். மூடியைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீரை யாராவது மோந்து பார்ப்பார்களா? ஒருவேளை நாறுகிறதோ என்று நான் வேறு பதறிப்போய், “காலையிலதாங்க புடிச்சேன், கேன் தண்ணிதான்” என்றேன்.

“மண்ணெண்ண கீதான்னு பாக்கறோம்மா. மனு நாள்ல அப்படித்தான். பையத் தொறங்க.”

பையைத் திறந்து காட்டினேன். உள்ளே மனு, ஆதார் நகல், என் வீட்டுக்காரருடைய ஆஸ்பத்திரி ஃபைல், ஒரு டப்பாவில் தயிர் சாதம். டப்பாவையும் திறக்கச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், நான் திகைத்து நிற்பதைப் பார்த்து, தன் பாட்டிலைத் தானாகவே திறந்து நீட்டினார். வரிசை முழுக்க அப்படித்தான் நின்றது. கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல அவ்வளவு சாதாரணமாகப் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறார்கள். மோந்து பார்த்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. எத்தனை பேர் எப்படி வந்திருந்தால் இந்த வழக்கம் வந்திருக்கும்?

வேங்கிக்காலில் அந்தப் பெரிய கலெக்டர் ஆபீஸ் கட்டடத்தை பஸ்ஸில் போகும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உள்ளே போனது அந்தத் திங்கட்கிழமைதான் முதல் தடவை. எனக்கு அரசாங்கத்திடம் கேட்க அதுவரை ஒன்றும் இருந்ததில்லை. ஜாக்கெட் தைப்பவள் நான். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலாக்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு போவார், வருவார், வந்ததும் சத்தமாகப் பேசுவார். ஒரே மகளையும் அந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்தோம். பிறகு அவருக்குக் கிட்னி போய்விட்டது. சத்தம் நின்றுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டவுனில் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும், கால் வீங்கும், மூச்சு முட்டும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இதில் எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடம், பௌர்ணமி. ஜனம் லட்சக்கணக்கில் நடந்து வரும். வண்டி நடுவில் போனால் ஆபத்து என்று பாதையில் தடுப்பு போட்டுவிடுவார்கள். அது நியாயம்தான், நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதைக்குள்ளே குடியிருப்பவன் வெளியே எப்படிப் போவது? கால் நன்றாக இருந்தால் நடக்கலாம். அவரால் தெருமுனை வரைதான் நடக்க முடியும்.

ஐப்பசிப் பௌர்ணமி அன்று அவருக்கு மதியம் முறை. பதினோரு மணிக்கே கிளம்பினால் தடுப்பு விழுவதற்குள் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுத் தெருக்கார ஆட்டோக்காரரை வரச் சொல்லியிருந்தேன். அன்றைக்கென்று எல்லாம் இழுத்தது. என் வீட்டுக்காரர் குளிக்கப் போனவர் வரவேயில்லை. வந்ததும் ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். அப்புறம் ஃபைலைக் காணோம் என்று பீரோவைக் குடைந்தார். ஆட்டோ முனைக்குப் போனபோது கம்பித் தடுப்பு குறுக்கே விழுந்துவிட்டது. நான் போலீஸ்காரரிடம் கெஞ்சினேன். அவர் தன் மேலதிகாரிக்கு போன் போட்டார், லைன் கிடைக்கவில்லை. அதற்குள் இரண்டு பக்கமும் ஜனக்கடல். வண்டி முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நின்றது. நான் போலீஸைத் திட்டினேன், ஆட்டோக்காரரைத் திட்டினேன், பால்கோவா தின்றபடி நடந்துபோன வெளியூர்க்காரர்களைத் திட்டினேன், மலையைப் பார்த்து அண்ணாமலையாரையும் விட்டுவைக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் பேசாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்கே திருப்பி நடத்தி வந்தேன். மறுநாள் விடிந்து கூட்டம் கரைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குள் அவர் மூச்சு வாங்கிய சத்தம் அடுத்த வீடு வரை கேட்டது. பிழைத்ததே பெரிய விஷயம்.

அடுத்து வருவது கார்த்திகை தீபம். பௌர்ணமி போல ஒரு நாள் கூத்தல்ல அது. முன்னும் பின்னும் பாதை அடைபடும். இரண்டு முறை தவறிப்போகும். அப்போதுதான் மனு கொடுப்பது என்று முடிவு செய்தேன். பாதைக்குள் குடியிருந்து தொடர்ந்து சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பைத் திறந்துவிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு மட்டும் கேட்டால் சலுகை, எல்லோருக்கும் கேட்டால் விதி என்று எனக்கே ஒரு ஞானோதயம். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே கேட்டேன். வரி வரியாக யோசித்து ரூல் போட்ட தாளில் எழுதினேன்.

அந்தத் திங்கட்கிழமை, வாசல் வரிசையில் நிற்பதற்கு முன்பு நடந்தது இது: கட்டடத்துக்கு எதிரே வரிசையாக ஜெராக்ஸ் கடைகள். ஒரு கடையில் இருந்த பெண் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “டைப் பண்ணிக் குடுத்தாத்தான்க்கா நல்லாருக்கும்” என்றாள். சரி என்றேன். அவள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு மனு இருந்தது. மேலே இருந்த பேரை அழித்து என் பேர், ஊரை அழித்து என் ஊர், நடுவில் நான் எழுதியது. பிரிண்ட் எடுத்து நீட்டினாள். கடைசியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது.

“மேற்படி கோரிக்கை நிறைவேறாத பட்சத்தில் குடும்பத்துடன் உயிரை மாய்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

“இன்னாம்மா இது?” என்றேன். அந்த வரியில் விரலை வைத்தேன்.

“அது எல்லா மனுவுலயும் வரும்க்கா. பட்டா கேக்கறவங்க, பஸ்சு கேக்கறவங்க, எல்லாருக்கும் அதே தான். யாரோ ஒருத்தர் போட்டாரு, வேல நடந்துச்சு. அது இல்லன்னா எடுப்பா இருக்காது. முடிவுல ‘இப்படிக்கு’ன்னு போடறோம் இல்ல, அந்த மாதிரி.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு வேறு பிரிண்ட் கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். டோக்கன் முடியப்போகிறது என்று யாரோ கத்தினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் மனுவை எட்டிப் பார்த்தேன். தெருவிளக்கு கேட்டு எழுதியிருந்தாள். கடைசியில் அதே வரி. தெருவிளக்குக்கே உயிரை மாய்க்கிறார்கள் என்றால் டயாலிசிஸுக்கு என்ன என்று கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

கூட்ட அரங்கில் என் எண்ணைக் கூப்பிட்டபோது மத்தியானம் ஆகியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மனுவை வாங்கினார். மேலிருந்து படிப்பார் என்று நினைத்தேன். அவர் கண் நேராகத் தாளின் அடிப்பகுதிக்குப் போனது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இதுல எழுதியிருக்கறது நிஜமாம்மா?”

“ஒரு எழுத்துகூடப் பொய் இல்லீங்க சார்!” என்றேன் நான். ரோடு அடைத்ததைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, வீராவேசமாக.

அவர் கையைக் காட்டியதுதான் தெரியும். வாசலில் என் பாட்டிலை மோந்து பார்த்த அதே பெண் போலீஸ் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் என் பையை வாங்கிக்கொண்டார். அரங்கமே திரும்பிப் பார்த்தது.  “நான் எழுதல சார், ஜெராக்ஸ் கடையில... அது எல்லாத்துலயும் வருமாம் சார்” என்று உளறினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

“எனக்கும் தெரியும்மா, எல்லாத்துலயும் வருதுன்னு. ஆனா யார் நெஜமா எழுதனாங்க, யாருக்குக் கடையில போட்டுக் குடுத்தாங்கன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? இதப் படிச்சுட்டு நான் அடுத்த மனுவ எடுக்க முடியாது.”

என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் முழு மனுவையும் படித்தார். தடுப்பு எங்கே விழுகிறது, எத்தனை மணிக்கு, தெருவில் வேறு யார் யார் வைத்தியத்துக்குப் போகிறார்கள் என்று கேட்டார். நானும் அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் கொட்டினேன். ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். தீபத் திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் இதைப் பேசுவதாகச் சொன்னார். ஆனால் அந்த வரிக்காக விசாரணை உண்டு, எழுதிக்கொடுக்க வேண்டும், இரண்டு பேரும் மறுநாள் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். போலீஸ் ஜீப்பில்தான் வீட்டுக்குப் போனேன்.

ஜீப் தெருவில் நுழைந்ததும் சனம் கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் பனியனோடு எழுந்து வந்தார். பெண் போலீஸ் மனுவின் நகலை அவரிடம் கொடுத்து, “இது உங்க வீட்டம்மா குடுத்ததுங்க. உங்களுக்குத் தெரியுமா?” என்றார். அவர் மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. கோபப்படுவார், அல்லது இதென்ன கிறுக்குத்தனம் என்று சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்றார் அவர். “நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்.”

 என்னைக் காப்பாற்றுகிறாராம்! அந்தப் பெண் போலீஸ் எழுதிக்கொண்டு போன பிறகு, “ஏங்க பொய் சொன்னீங்க? கடைக்காரி போட்டதுன்னு சொன்னாப் போச்சு, இப்ப உங்க தலையில வந்து விழுது பாருங்க” என்று சத்தம் போட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவமானத்தில் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆலோசகர் அறையில் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். எங்கள் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. என்னிடம் கேட்டார். நான் ஜெராக்ஸ் கடைக் கதையை மறுபடி சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: “வாழ வேணாம்னு எப்பவாவது தோணியிருக்குதாங்க, ஐயா?”

அவர் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்தி முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும் கை.

“இருக்குதுங்க,” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். கூட இருபத்து நாலு மணி நேரமும் இருப்பவள் நான். அவர் குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளந்து ஊற்றுகிறவள் நான்.

“அன்னிக்கு பௌர்ணமிக்கு, நான் வேணும்னேதான் லேட் பண்ணேன்,” என்றார் அவர், என்னைப் பார்க்காமல், அந்தப் பெண்ணிடம். “பாத்ரூம்ல சும்மாதான் உக்காந்துகினு இருந்தேன். பசியும் இல்ல. ஃபைல நான்தான் பீரோ மேல தூக்கிப் போட்டேன். ரோட்ட மூடிட்டாங்கன்னு ஊரே சொல்லும். இவ எவ்ளோ போராடினான்னும் சொல்லும். இவ மேல ஒரு பேச்சு வராதுன்னு நெனச்சேங்க. தீபத்துக்கு ரெண்டு தபா போகாம இருந்தா...”

மிச்சம் எனக்குப் புரிந்துவிட்டது.   தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கத்திய கத்தல், போலீஸ்காரருக்கு விட்ட சாபம், வரி வரியாக யோசித்து எழுதிய மனு, அத்தனையும் அந்த அறையில் என் முன்னால் வந்து நின்றது. நான் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இவர் ஆட்டோவுக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாரா? பயமா, கோபமா, எனக்கே தெரியாது. எழுந்து நின்றுகொண்டு, “இன்னொரு தபா அப்படி ஏதாவது பண்ணீங்க, கொன்னுடுவேன்!” என்று கத்திவிட்டேன்.

அந்தப் பெண் பயந்துபோய்ப் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் சிரித்தார். கிட்னி போன பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான். பிறகு அழுதார். நானும் அழுதேன். வெளியே எங்களுக்கு அடுத்து இருந்தவர்கள் கதவைத் தட்டும் வரை அழுதோம்.

அதன் பிறகு ரத்தம் சுத்தம் பண்ணும் நாளிலேயே அந்தப் பெண்ணையும் பார்த்துவிட்டு வருவது என்று ஆனது. மாத்திரையும் கொடுத்தார்கள். மகள் வந்து சில நாள் தங்கினாள். நான் தையல் மெஷினை அவர் படுக்கும் அறைக்கே மாற்றினேன். மிதித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். “இன்னா, காவலா?” என்பார். “ஆமா” என்பேன். வெட்கமென்ன இதில்?

தீபத்துக்கு முன்பு ஒருநாள் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து போன் வந்தது. பாதைக்குள் இருந்துகொண்டு தொடர் சிகிச்சைக்குப் போகிறவர்கள், மாசமாக இருக்கும் பெண்கள், எல்லோருக்கும் வண்டிக்கு அனுமதி அட்டை தருகிறார்களாம். தீபத்துக்கு மட்டுமல்ல, இனி எல்லாப் பௌர்ணமிக்கும். பேப்பரிலும் சின்னதாக வந்தது. என் பேர் இல்லை, நல்ல காலம். மனு கொடுத்தால் விதியே மாறும் என்று எங்கள் தெருவில் யாரும் நம்பியதில்லை, கொடுத்த நானே நம்பவில்லை. செய்தியைக் கேட்டதும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்தெருவில் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த பெண்ணின் மாமியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரே என்னைக் கொண்டாடியது. எனக்கோ நெஞ்சில் வேறொன்று அடித்துக்கொண்டது. அவர் மறைந்துகொள்ள வைத்திருந்த ஒரே சாக்கை நான் மனு போட்டுப் பிடுங்கிவிட்டேன். இனி போகவில்லை என்றால், போகவில்லை என்று அவரேதான் சொல்ல வேண்டும். அதை அவர் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

அட்டை நகல் எடுக்க அதே கடைக்குப் போனபோது அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். போலீஸ் வந்து எச்சரித்துவிட்டுப் போனதாம். “எடுத்துட்டேன்க்கா அந்த வரிய. ஆனா வர்றவங்க சும்மா இருக்கறாங்களா? ‘கடைசியில ஒண்ணு வருமே, அத ஏன் போடல’ன்னு கேக்கறாங்க.” சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி அப்படிக் கேட்பவரிடம், “நெஜமாவா கேக்கறீங்க?” என்று ஒரு தடவை திருப்பிக் கேள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தீபத்தன்று காலையில் அவருக்கு முறை. அவர் குளிக்கப் போனபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. கதவில் காதை வைத்தேன். மறுபடி விழுந்தது. அவர் வெளியே வந்தபோது நான் துணி மடிப்பதுபோல நடித்தேன். சட்டை போட்டார், ஃபைலை எடுத்துக்கொண்டார், ஆட்டோவில் ஏறினார்.  முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை.

முனையில் தடுப்பு கிடந்தது. அதற்கு அப்பால் அன்றைக்குப் போலவே ஜனம், அரோகரா சத்தம். போலீஸ்காரர் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு பேராகக் கம்பியை நகர்த்திவிட்டு, விசில் ஊதி, கூட்டத்தை ஒதுக்கினார்கள். ஓர் ஆட்டோ போகும் அளவுக்கு வழி கிடைத்தது.

ஆட்டோக்காரர் பின்னால் திரும்பினார். “போலாமாண்ணா?”

வழக்கமாக இதற்கெல்லாம் நான்தான் பதில் சொல்வேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். போலீஸ்காரர் கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தார். என் வீட்டுக்காரர் திறந்திருந்த வழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஆட்டோக் கம்பியை இறுகப் பிடித்திருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

“வண்டிய எடுப்பா,” என்றார். “டைமாவுது.”